விற்கப்பட்டவர்களும் கடவுளும்: ஆள்கடத்தல் முன் கிறித்தவ விசுவாசம்

மனிதரை மனிதர் விலை பேசும் உலகில், நல்லவரும் வல்லவருமான ஒரு கடவுளை நம்புவது எப்படி? கிறித்தவச் சிந்தனை தொடக்கம் முதலே இந்தக் கேள்வியோடு போராடி வருகிறது. தீமையைத் தடுக்க விரும்பியும் முடியாதவர் வல்லவர் ஆகமாட்டார், முடிந்தும் விரும்பாதவர் நல்லவர் ஆகமாட்டார் என்ற பழைய வாதத்தை எப்பிக்கூரஸின் பெயரால் பதிவு செய்தவர், நான்காம் நூற்றாண்டின் கிறித்தவ எழுத்தாளர் லாக்டன்ஷியஸ். டேவிட் ஹியூமின் மறைவுக்குப் பின் 1779இல் வெளிவந்த உரையாடல் நூல் அதை நவீனத் தத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது. நிலநடுக்கம், கொள்ளைநோய், போர், இனஅழிப்பு ஆகியவற்றை முன்வைத்து இந்த விவாதம் பலமுறை நடந்திருக்கிறது. ஆள்கடத்தலை முன்வைத்து அதே விவாதத்தை நடத்தினால் வழக்கமான விடைகள் எந்த அளவு தாக்குப்பிடிக்கின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2000ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பலெர்மோ நெறிமுறை ஆள்கடத்தலை மூன்று கூறுகளாகப் பகுக்கிறது: ஆளைச் சேர்ப்பது அல்லது இடம் மாற்றுவது என்ற செயல், மிரட்டல், ஏமாற்று, ஆதரவற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற வழி, சுரண்டல் என்ற நோக்கம். சிறுவர் விஷயத்தில் அந்த வழிகளை நிரூபிக்க வேண்டியதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் பிற அமைப்புகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் ஏதேனும் ஒரு நாளில் 4.96 கோடிப் பேர் நவீன அடிமை நிலையில் இருந்தனர். அவர்களில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பிலும் 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்திலும் சிக்கியிருந்தனர். இவர்கள் எல்லோரும் சட்டம் சொல்லும் பொருளில் கடத்தப்பட்டவர்கள் என்று கூற முடியாது. ஆனால் கடத்தல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இந்தத் தீமைக்கு இறையியலைச் சங்கடப்படுத்தும் சில தனி இயல்புகள் உண்டு. இது ஆத்திரத்தில் நேர்வதில்லை. முன்பணம், தரகு, வட்டி என்று கணக்குப் பார்த்து நடத்தப்படுகிறது. மனிதரின் நல்ல குணங்களே இதற்குக் கருவியாகின்றன: வேலை தேடும் முனைப்பு, குடும்பத்தின் மீதுள்ள பாசம், வாங்கிய கடனை அடைக்க வேண்டும் என்ற நேர்மை. இதன் ஆதாயம் கடத்தியவரோடு நின்றுவிடாமல், மலிவான பொருளை வாங்குவோர் வரை பரவுகிறது. இவற்றோடு ஒரு வரலாற்று உண்மையும் சேர்கிறது. விற்றவர்களிலும் வாங்கியவர்களிலும் பலர் பல நூற்றாண்டுகள் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் சென்றவர்களாக இருந்தார்கள்.

வேதாகமத்துக்குள் இருக்கும் முரண்

கிறித்தவ விடைகள் எல்லாம் வேதாகமத்திலிருந்தே புறப்படுகின்றன. அங்கே ஒரே குரல் இல்லை. ஆதியாகமத்தில் யோசேப்பை அவன் சகோதரர்கள் இருபது வெள்ளிக்காசுக்கு வணிகரிடம் விற்கிறார்கள். கடைசியில் எகிப்தின் அதிகாரியாக உயர்ந்த யோசேப்பு, நீங்கள் நினைத்த தீமையைக் கடவுள் நன்மையாக்கினார் என்ற பொருள்பட அவர்களிடம் பேசுகிறான். தேவ திட்டம் என்ற கருத்துக்கு இந்தக் காட்சியே நெடுங்காலமாக ஆதாரம். ஆனால் அதற்குச் சற்று முந்தைய 47ஆம் அதிகாரம் பிரசங்கங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. பஞ்சத்தில் தானியம் கேட்டு வந்த எகிப்தியரின் பணம், கால்நடை, நிலம் ஆகியவற்றை அடுத்தடுத்து வாங்கிய யோசேப்பு, முடிவில் அவர்களையே பார்வோனுக்கு அடிமைகளாக்குகிறான். விற்கப்பட்டவனே வாங்குபவன் ஆகிறான். அந்தக் கதையை நன்மையில் முடிந்த கதையாக மட்டும் வாசிப்பது கடினம்.

சட்டப் பகுதிகளிலும் இதே இழுபறி. ஆளைத் திருடி விற்பவனுக்கு யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் மரண தண்டனை விதிக்கிறது. அதே அதிகாரம் தகப்பன் மகளை அடிமையாக விற்பதற்கு விதிமுறை வகுக்கிறது. தப்பி வந்த அடிமையை எஜமானிடம் திருப்பி ஒப்படைக்கக் கூடாது என்கிறது உபாகமம். ஆனால் சாராயின் எகிப்திய அடிமைப்பெண் ஆகார் தப்பி ஓடியபோது, எஜமானியிடம் திரும்பிப் போய் அடங்கியிரு என்றே தேவதூதர் சொல்வதாக ஆதியாகமம் கூறுகிறது. ஏழையை விற்பவர்களுக்கு எதிராக ஆமோஸ் கொதிக்கிறார். புதிய ஏற்பாட்டில், மனிதரைத் திருடுவோரைத் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம் கொடிய பாவிகளின் வரிசையில் வைக்கிறது. பாபிலோனின் சரக்குப் பட்டியலை மனித உயிர்களில் கொண்டுபோய் முடிக்கிறது வெளிப்படுத்தின விசேஷம். எஜமானுக்குக் கீழ்ப்படிய அடிமைகளுக்குச் சொல்லும் நிருபங்களும் அதே ஏற்பாட்டில் இருக்கின்றன. எந்தத் தரப்பும் வசனம் இல்லாமல் தவித்ததில்லை என்பதே பின்வந்த வரலாற்றின் பெரும் சிக்கல்.

ஆதித் திருச்சபையின் இரு வழிகள்

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் இரண்டு நிலைப்பாடுகள் தெளிவாகத் தெரிகின்றன. நிசாவின் கிரகோரி, பிரசங்கி நூலைப் பற்றிய தம் நான்காம் உரையில் அடிமை முறையையே நேராகத் தாக்கினார். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவருக்கு விலை குறிக்கத் தகுதியுள்ளவர் யார் என்பதே அவர் வாதத்தின் சாரம். பண்டைக் கிறித்தவ இலக்கியத்தில் இவ்வளவு வெளிப்படையான கண்டனம் மிக அரிது.

அகஸ்டின் வேறு வழியில் சென்றார். அடிமைத்தனம் படைப்பின் ஒழுங்கில் இல்லாதது, பாவத்தின் விளைவாக வந்தது என்று 'கடவுளின் நகரம்' நூலின் 19ஆம் பகுதியில் விளக்கினார். பாவத்தால் வந்ததைப் பொறுத்துக்கொள்ளவும் இந்த விளக்கம் இடம் தந்தது. ஆனால் ஜொஹன்னஸ் டிவ்யாக் கண்டெடுத்து 1981இல் பதிப்பித்த கடிதங்களில் ஒன்று அகஸ்டினின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. வட ஆப்பிரிக்காவின் சுதந்திர மக்களை வணிகர்கள் கூட்டமாகப் பிடித்துக் கப்பலேற்றுவதை அதில் அவர் தம் நண்பர் அலிப்பியசுக்கு விவரிக்கிறார். விறகு வாங்குவதாகச் சொல்லி மலைப்பகுதிப் பெண்களை அழைத்து, அடைத்து வைத்து விற்ற ஒரு பெண்ணைப் பற்றியும் எழுதுகிறார். அகஸ்டின் ஆயராக இருந்த ஹிப்போ நகரில், அவர் ஊரில் இல்லாத வேளையில், விசுவாசிகள் கப்பலிலிருந்தும் மறைவிடத்திலிருந்தும் ஏறத்தாழ 120 பேரை மீட்டார்கள். வணிகர்களுக்குச் செல்வாக்குள்ள ஆதரவாளர்கள் இருந்ததையும் கடிதம் மறைக்கவில்லை. பொய்யான வாக்குறுதி, உள்ளூர்த் தரகர், மறைவிடம், மேலிட ஆதரவு என்று இன்றைய கடத்தலின் அமைப்பு முழுவதும் அதில் இருக்கிறது.

கிரகோரி கோட்பாட்டில் முன்னே சென்றார். ஹிப்போவின் எளிய விசுவாசிகள் செயலில் முன்னே சென்றார்கள். கோட்பாடும் செயலும் ஒன்று சேராமல் போனது திருச்சபைக்கு வெகுகாலம் பாதகமாகவே இருந்தது எனலாம்.

தேவ திட்டம் என்ற விடை

எல்லாத் தீமையும் கடவுளின் பெரிய திட்டத்துக்குள் அடங்கும் என்பதே மிகப் பரவலான விடை. 1710இல் லைப்னிட்ஸ் அதற்குத் தத்துவ வடிவம் தந்தார். 1759இல் வால்தேர் தம் 'கான்டீட்' நாவலில் அதை மறுத்தபோது, கதைநாயகனின் நம்பிக்கை உடையும் இடமாக அவர் தேர்ந்தெடுத்தது சுரினாமில் கையும் காலும் வெட்டப்பட்ட ஒரு கரும்புத் தோட்ட அடிமையைச் சந்திக்கும் காட்சி. ஐரோப்பா உண்ணும் சர்க்கரையின் விலை அந்த உடலில் எழுதப்பட்டிருந்தது என்பதை அந்தக் காலத்து வாசகர் தவறவிட்டிருக்க முடியாது.

இந்த விடையின் வலிமை, பாதிக்கப்பட்டவர்களே அதைச் சொன்னதில் இருக்கிறது. சிறுமியாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்ட ஃபிலிஸ் வீட்லி, அந்தப் பெயர்ச்சியை இரக்கத்தின் செயலாகப் பாடிய கவிதை 1773இல் வெளிவந்த அவர் தொகுப்பில் உள்ளது. சூடானின் தார்ஃபூரில் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்ட ஜோசஃபின் பக்கீத்தா, 1889இல் வெனிஸ் நீதிமன்றத் தீர்ப்பால் சட்டப்படி விடுதலை பெற்று, பின்னர் கனோசியன் துறவியானார். தம்மைக் கடத்தியவர்களைச் சந்தித்தால் மண்டியிட்டு அவர்கள் கையை முத்தமிடுவேன், அவர்கள் இல்லாவிட்டால் தாம் கிறித்தவர் ஆகியிருக்க முடியாது என்று அவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. 2000இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் நினைவுநாளான பிப்ரவரி 8ஐக் கத்தோலிக்கத் திருச்சபை ஆள்கடத்தலுக்கு எதிரான செப நாளாகக் கடைப்பிடிக்கிறது.

ஆனால் இந்தச் சான்றுகளைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தும்போது பொருள் மாறிவிடுகிறது. அதே வீட்லி, 1774இல் சாம்சன் ஆக்கமுக்கு எழுதிய கடிதத்தில் சுதந்திரம் பேசிக்கொண்டே அடிமைகளை வைத்திருப்போரின் முரணைக் கடுமையாகச் சாடினார். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக 1807இல் லண்டனில் அச்சான சுருக்க வேதாகமம், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான வரலாற்றை நீக்கிவிட்டு யோசேப்பின் கதையை வைத்துக்கொண்டது. அடிமையாக இருந்தும் உண்மையாக உழைத்தவன் உயர்ந்தான் என்ற பாடம் தோட்ட முதலாளிக்கு வசதியாக இருந்தது.

தேவ திட்டம் என்பது, தப்பிப் பிழைத்தவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் சாட்சியாக மதிக்கத் தக்கது. வெளியிலிருந்து ஒருவர் தரும் விளக்கமாக அது நிற்பது கடினம். கப்பலில் இறந்தவர், மீளாமலே போனவர் ஆகியோரின் சாட்சி நம் கைக்கு வரவில்லை. அட்லாண்டிக் வணிகத்தில் கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேரில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரை சேரவே இல்லை.

சுதந்திரச் சித்தமும் ஆன்ம வளர்ச்சியும்

இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தில் அதிகச் செல்வாக்குப் பெற்றது சுதந்திரச் சித்தம் என்ற வாதம். கடவுளின் வல்லமை, நன்மை, தீமையின் இருப்பு ஆகிய மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்று 1955இல் ஜே. எல். மேக்கி வாதிட்டார். உண்மையான சுதந்திரம் உள்ளவர்களைப் படைத்தால், அவர்கள் தீமை செய்யும் வாய்ப்பைக் கடவுளாலும் முற்றாக நீக்க முடியாது என்று 1974இல் ஆல்வின் பிளான்டிங்கா பதில் கூறினார். தர்க்க முரண் இல்லை என்று காட்டும் அளவில் இந்தப் பதிலைப் பல தத்துவ அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆள்கடத்தல் இந்த வாதத்தின் நுண்ணிய இடத்தைத் தொடுகிறது. ஒருவரின் சுதந்திரத்தை மற்றவர் முழுவதும் விழுங்குவதே இந்தக் குற்றத்தின் உள்ளடக்கம். கடத்துபவரின் சுதந்திரத்தை மதிக்கும் கடவுள், கடத்தப்பட்டவரின் சுதந்திரத்தை ஏன் அதே அளவில் காக்கவில்லை? சுதந்திரம் மிக உயர்ந்த மதிப்பு என்றால், அது பறிக்கப்படும்போது குறுக்கிடுவதும் அந்த மதிப்புக்கு இணங்கியதுதானே? சுதந்திரத்தோடு ஒழுங்கான இயற்கை விதிகளும் தேவை, அடிக்கடி குறுக்கிட்டால் பொறுப்பு என்பதே இல்லாமல் போகும் என்று இந்த வாதத்தை ஏற்போர் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு தீமை வரை என்ற கேள்வியை அது தொடாமல் விடுகிறது.

ஜான் ஹிக் 1966இல் முன்வைத்த ஆன்ம வளர்ச்சிக் கோட்பாடு, இரண்டாம் நூற்றாண்டின் ஐரேனியஸைத் துணைக்கு அழைக்கிறது. துன்பமில்லாத உலகில் துணிவும் இரக்கமும் முதிர்ச்சியும் வளரா என்பது அதன் மையம். கடத்தலின் வேலையோ ஆளுமையைச் சிதைப்பது. பலரிடம் அது வளர்க்காமல் உடைக்கிறது. இறப்புக்குப் பின்னும் வளர்ச்சி தொடர வேண்டும் என்று ஹிக் சேர்த்தது இந்தத் தடையை உணர்ந்தே எனக் கொள்ளலாம். மெரிலின் மெக்கார்ட் ஆடம்ஸ் 1999இல் வெளியிட்ட நூலில் கேள்வியையே மாற்றினார். வாழ்வின் அர்த்தத்தையே அழிக்கும் கொடுந்தீமைகளுக்கு, உலகம் முழுவதற்கும் பொதுவான நியாயம் போதாது. அவற்றுக்கு ஆளான தனி மனிதருக்கே கடவுள் நன்மை செய்தாக வேண்டும் என்றார். விற்கப்பட்டவரைப் பெரிய கணக்கின் ஓர் இலக்கமாக்க மறுத்தது அவர் வாதத்தின் சிறப்பு. அந்த நன்மை பெரும்பாலும் மறுமையைச் சார்ந்திருப்பதால், விசுவாசம் இல்லாதவருக்கு அதை நிறுவிக் காட்ட இயலாது.

பாடுபடும் கடவுள்

விளக்கத்தை விட்டுவிட்டு, கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்கும் மரபு ஒன்று உண்டு. நாஜிச் சிறையிலிருந்து 1944 ஜூலையில் டீட்ரிக் போன்ஹஃபர் எழுதிய கடிதம், பாடுபடும் கடவுளாலேயே உதவ முடியும் என்ற எண்ணத்தை முன்வைத்தது. 1946இல் ஜப்பானின் காசோ கித்தாமோரி கடவுளின் வேதனையை இறையியலின் மையமாக்கினார். 1972இல் யூர்கன் மோல்ட்மன் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதியபோது, துன்பத்தைக் கடவுள் தமக்குள்ளேயே ஏற்கிறார் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுக்கப்பட்டு, உடை களையப்பட்டு, பலர் முன் அவமானப்படுத்தப்பட்ட இயேசுவைத் தம்மில் ஒருவராகக் காண்பது, கடத்தலிலிருந்து மீண்ட பலருக்குப் பொருளுள்ளதாக இருக்க முடியும்.

இதற்கு எழுந்த மறுப்புகளும் கிறித்தவத்துக்குள்ளிருந்தே வந்தன. துன்பத்தைப் புனிதமாக்கும் பக்தி, துன்பம் தருவோருக்குத் துணைபோகும் என்று 1973இல் டோரத்தே சோலே எச்சரித்தார். டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் ஆகாரின் கதையை ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களின் வரலாற்றோடு சேர்த்து வாசித்தார். பிறருக்காகத் தன் உடலைக் கொடுக்க வற்புறுத்தப்பட்ட பெண்ணுக்கு, பிறருக்காக உடலைக் கொடுத்தவரின் சிலுவை எப்படி நற்செய்தி ஆகும் என்பது அவர் எழுப்பிய சிக்கல். ஆகாருக்குக் கிடைத்தது விடுதலை அல்ல, உயிர்வாழ வழி மட்டுமே என்றும் அவர் சுட்டினார். கூடவே துன்புறும் கடவுள் ஆறுதல் தரலாம். பூட்டிய அறையின் கதவைத் திறப்பவர் யார் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

புலம்பலும் எதிர்வழக்கும்

தீமையின் முன் கடவுளை நியாயப்படுத்தும் எல்லாத் தத்துவ முயற்சிகளும் தோற்றுவிட்டன என்று 1791இல் கான்ட் எழுதினார். யோபுவின் நண்பர்களைவிட யோபுவின் நேர்மையே மேலானது என்றும் காட்டினார். 1880இல் முடிந்த தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில், ஒரு குழந்தையின் துன்பத்தை விலையாகக் கொண்ட எந்த இணக்கத்தையும் இவான் மறுத்துவிடுகிறான். இந்த மரபில் வந்தவர்கள், கேள்வியை அடக்காமல் கடவுளின் முன்னிலையிலேயே எழுப்பச் சொல்கிறார்கள். சங்கீதங்களில் பெரும்பங்கு புலம்பலே. 88ஆம் சங்கீதம் ஆறுதலில்லாமல் இருளில் முடிகிறது. புலம்பல் வழிபாட்டிலிருந்து மறைந்தால் நீதி கேட்கும் குரலும் மறையும் என்பது வால்டர் புருகமனின் கருத்து.

ஷெல்லி ராம்போ 2010இல் வெளியிட்ட நூலில், சிலுவைக்கும் உயிர்ப்புக்கும் நடுவில் இருக்கும் சனிக்கிழமையை மனக்காயத்தின் காலமாக வாசித்தார். மீட்கப்பட்டவர் மறுநாளே நலமாகிவிடுவதில்லை, பழைய அச்சம் உடலில் தங்கியிருக்கிறது என்பதை இந்த வாசிப்பு மதிக்கிறது. மீட்பின் வெற்றிக்கதையைக் கேட்க விரும்பும் சபைகளுக்கு இது தேவையான திருத்தம்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் தெளிவு. அது கேள்வியைக் காப்பாற்றுகிறது, பதில் தருவதில்லை. கடவுளோடு வழக்காடுவது எப்போது விசுவாசமாக இருக்கிறது, எப்போது விசுவாசத்தின் முடிவாகிறது என்பதற்கு எல்லைக்கோடும் இல்லை.

திருச்சபையின் பங்கு

இதுவரை கண்ட விடைகள் கடவுளை நோக்கிய கேள்விக்குரியவை. திருச்சபையை நோக்கிய கேள்வி வேறு. விசுவாசத்தை அதிகம் அசைத்திருப்பதும் ஒருவேளை அதுவே. 1452, 1455ஆம் ஆண்டுகளில் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலஸ் வெளியிட்ட ஆணைகள், போர்ச்சுக்கல் மன்னர் பிற சமயத்தாரை நிரந்தர அடிமைகளாக்க இசைவு தந்தன. 1537இல் மூன்றாம் பவுல் அமெரிக்கப் பழங்குடியினரை அடிமைப்படுத்துவதைக் கண்டித்தார். 1839இல் பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்தார். இடையில் மூன்று நூற்றாண்டுகள் கப்பல்கள் ஓடின. கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையில் அடிமைகளின் நிலவறைக்கு மேலே வழிபாட்டிடம் இருந்தது.

சீர்திருத்தச் சபைகளும் விலகி நிற்கவில்லை. ஆங்கிலிக்க நற்செய்திப் பரப்புச் சங்கம் (எஸ்.பி.ஜி.) பார்படாஸில் உயிலாகப் பெற்ற காட்ரிங்டன் தோட்டங்களை அடிமைகளைக் கொண்டு நடத்தியது. அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயர் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டது. பின்னாளில் இடையன்குடியில் கால்டுவெல் பணியாற்றியது இதே சங்கத்தின் சார்பில்தான். 2006இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மன்றம் அடிமை வணிகத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கோரியது. தமிழகக் கரையும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1659 முதல் 1661 வரையிலான பஞ்ச காலத்தில், நாகப்பட்டினம் உள்ளிட்ட சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை டச்சுக் கம்பெனி அடிமைகளாக வாங்கி ஏற்றிச் சென்றது. பசியில் தம்மையே விற்றுக்கொண்ட எகிப்தியரின் கதையைத் தம் வேதாகமத்தில் வைத்திருந்தவர்களே வாங்கினார்கள்.

ஜான் நியூட்டனின் வாழ்க்கை இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. 1748இல் மனந்திரும்பியதாகக் கூறிய அவர், அதன் பிறகும் அடிமைக் கப்பல்களின் தலைவராகப் பயணம் செய்து 1754இல்தான் கடலை விட்டார். அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் நூல் எழுதியது 1788இல். தனிமனித மனமாற்றம் தானாகவே சமூகக் கண்ணைத் திறந்துவிடாது என்பதற்கு இது வலுவான சான்று. அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பின்னிணைப்பில், அடிமை வைத்திருப்போரின் சமயத்தையும் கிறிஸ்துவின் சமயத்தையும் முற்றாகப் பிரித்தார். பலருக்கு விசுவாசத்தில் நிலைக்க இந்தப் பிரிப்பு வழிவிட்டது. ஆனால் தீமை செய்தவர்களை மெய்க்கிறித்தவர் அல்லர் என்று தள்ளிவிடுவது திருச்சபைக்கு எளிதான தப்பிப்பாகவும் ஆகக்கூடும். டக்ளஸ் அதைச் சொன்ன இடமும் திருச்சபை அதைச் சொல்லும் இடமும் வேறு.

விடுவிப்பதே விடையா?

இன்னொரு மரபு விளக்கத்தைவிடச் செயலை நம்பியது. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் அடிமை முறைக்கு எதிராக எழுத்துவழி எதிர்ப்புத் தெரிவித்தனர். வில்பர்ஃபோர்ஸும் அவர் நண்பர்களும் 1807இல் பிரிட்டிஷ் அடிமை வணிகத் தடைச் சட்டம் வர உழைத்தனர். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களையே குற்றவாளிகளாக நடத்திய சட்டங்களை எதிர்த்து ஜோசஃபின் பட்லர் நடத்திய இயக்கம் 1886இல் வென்றது. தமிழகத்தில் ஏமி கார்மைக்கேல் 1901 முதல் டோனாவூரில், கோவில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் தந்தார். அத்தகைய ஒப்படைப்பைத் தடைசெய்யும் சட்டம் முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடிய முயற்சிக்குப் பின் 1947இல் வந்தது. ருவாண்டா இனஅழிப்பு விசாரணையில் பணியாற்றிய கேரி ஹாகன் 1997இல் தொடங்கிய பன்னாட்டு நீதி இயக்கம், கத்தோலிக்கத் துறவியர் 2009இல் அமைத்த தலித்தா கும் வலையமைப்பு ஆகியவை இன்று இந்த மரபைத் தொடர்கின்றன. கடவுள் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியை, நாம் ஏன் தடுக்கவில்லை என்று இவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

இதன் மீதான விமர்சனங்களும் கவனத்துக்குரியவை. மீட்புச் சோதனைகள், காவல்துறை, தண்டனை ஆகியவற்றில் மட்டும் நம்பிக்கை வைக்கும் இயக்கம், மீட்கப்படும் பெண்களின் சொந்த விருப்பத்தைக் கேட்பதில்லை என்று சமூகவியலாளர் எலிசபெத் பெர்ன்ஸ்டைன் வாதிட்டார். அமெரிக்கக் கொள்கையில் புராட்டஸ்டன்ட் பாலியல் ஒழுக்கமே சுதந்திரத்தின் அளவுகோலாகிவிட்டது என்று 2012இல் இவோன் ஸிம்மர்மன் எழுதினார். தேவதாசி ஒழிப்பைப் பற்றிய பிற்கால ஆய்வுகளும், அந்தப் பெண்களின் கலையும் சொத்துரிமையும் சீர்திருத்தத்தில் இழக்கப்பட்டதைக் காட்டுகின்றன. இவ்விமர்சனங்கள் மீட்பின் தேவையை மறுக்கவில்லை. யாருடைய சொற்களில் விடுதலை வரையறுக்கப்படுகிறது என்று கேட்கின்றன.

கவனம் குவியும் இடமும் ஆய்வுக்குரியது. பாலியல் கடத்தல் நன்கொடையையும் கோபத்தையும் எளிதில் திரட்டுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் அதே கோபத்தை எழுப்புவதில்லை. திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்களைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கவைத்த சுமங்கலித் திட்டம் இதற்கு நம் ஊர்ச் சான்று. அந்த நூலில் நெய்த துணியை உடுத்துவோரில் விசுவாசிகளும் அடக்கம். சாதியையும் கடனையும் கூலியையும் பேசாத மீட்பு, விளைவை மட்டும் தொட்டுக் காரணத்தை விட்டுவிடும்.

எஞ்சும் கேள்விகள்

யூத இறையியலாளர் இர்விங் கிரீன்பர்க், நாஜி இனஅழிப்புக்குப் பின், எரியும் குழந்தைகள் முன்னிலையில் சொல்லத் தகாத எதையும் இறையியல் சொல்லலாகாது என்ற அளவுகோலை முன்வைத்தார். விற்கப்பட்டவரின் முன்னிலையில் சொல்லத் தக்கதா என்று அதையே இங்கும் பொருத்திப் பார்க்கலாம். சொல்வதற்குக் கடினமாக இருப்பதால் ஒரு வாதம் பொய்யாகிவிடாது என்று தத்துவ அறிஞர்கள் மறுப்பார்கள். அந்த மறுப்பு சரியானதே. ஆனால் கிறித்தவ இறையியல் தன்னை நற்செய்தி என்று அழைத்துக்கொள்கிறது. துன்பப்பட்டவரிடம் சொல்ல முடியாத நற்செய்தி தன் பெயருக்கே பொருந்தாது.

இந்த அளவுகோலின்படி, விற்பனையைக் கடவுளின் திட்டத்துக்குத் தேவையானதாக்கும் எந்த விடையும் நிலைக்கவில்லை. சுதந்திரச் சித்த வாதம் தர்க்க முரணை அகற்றுகிறது. அதற்கு மேல் அதிகம் சாதிப்பதில்லை. பாடுபடும் கடவுள் என்ற கருத்தும் புலம்பலும் ஒன்றையொன்று திருத்தினால் மட்டும் பாதுகாப்பானவை: புலம்பல் இல்லாத சிலுவை அடங்கிப்போகக் கற்பிக்கும், சிலுவை இல்லாத புலம்பல் கேட்பார் இல்லாத முறையீடாகும். செயல் மிக நேர்மையான பதில். ஆயினும் ஏற்கெனவே நிகழ்ந்த விற்பனையை எந்த மீட்பும் நிகழாததாக்கிவிடாது. மீளாமல் இறந்தவருக்கு நீதி உண்டா என்ற கேள்வி உயிர்ப்பின் நம்பிக்கையிடம் போய் நிற்கிறது. அந்த நம்பிக்கையை நிறுவவும் முடியாது, எளிதில் கைவிடவும் முடியாது.

ஆகவே கடவுள் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. அதை மூடிவிட்டதாகச் சொல்லும் பிரசங்கத்தைச் சந்தேகிப்பதே விசுவாசத்துக்கு நலம். திருச்சபை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அப்படித் திறந்திருக்கவில்லை. ஆளைத் திருடி விற்பதைக் குற்றம் என்று அதன் வேதாகமமே சொல்லியிருக்கிறது. ஹிப்போவின் விசுவாசிகள் 120 பேரை மீட்டுச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். தன் நிறுவனங்களிலும் தோட்டங்களிலும் கட்டடப் பணிகளிலும் உழைப்போருக்கு முறையான கூலி போகிறதா, இடையில் தரகர் யார், முன்பணம் எவ்வளவு என்று ஒவ்வொரு சபையும் விசாரிக்கட்டும். மீண்டு வந்தவர்கள் பேசும்போது, அவர்கள் கதைக்கு முடிவு எழுதாமல் கேட்கட்டும். இவ்வளவையும் செய்த பிறகே கடவுளைப் பற்றிய கேள்வியை எழுப்பும் உரிமையைத் திருச்சபை பெறுகிறது. விற்கப்பட்டவர்களுக்கோ அந்த உரிமை முதலிலிருந்தே உண்டு.